உங்கள் செய்தி கிடைத்தது

கிடைக்காத செய்திகளைக் கிடைத்ததாகச் சொல்லி ஊரை ஏமாற்றியவள் நான்.

ஆம், நான்தான்! கம்பெனி அல்ல, சர்வர் அல்ல, அந்நாளில் அடிக்கடி அறுந்துபோன இணையத் தொடர்பும் அல்ல. என் விரல்களால் தட்டி எழுதி, சரியாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியையும் அன்றே நானே அடைத்துவிட்டேன். ஆனால் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரே கூரையின் கீழ் என்னோடு இருந்தவர். என் அண்ணனின் மனைவி, வசந்தி அண்ணி.

அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... அவரிடம் சொல்லத் துணிவில்லாததால்தான் உங்களிடம் சொல்கிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு மேலே வாசிக்காதீர்கள்.

யுத்த காலம் அது. வடக்குக்குப் போகும் பாதையைப் பூட்டியிருந்தார்கள். நான் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி, வேலை நகரின் மறுபக்கம் வெள்ளவத்தையில். காலையில் பஸ் ஏறினால் வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். பையைத் திறந்தால் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலின் கருவாட்டு மணம் சிப்பாயின் முகத்தில் அடிக்கும். அவன் சிரித்துவிட்டால் அன்று நல்ல நாள்.

பஸ்ஸில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தால் "யெஸ், யெஸ், ஐ வில் கோல் யூ" என்று ஆங்கிலத்திலேயே முடித்துவிடுவேன். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது! ஆனாலும் அவருக்கு விளங்கும். வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது எங்கள் எல்லோருக்கும் இருந்தது. மழைக் காலத்தில் குடை எடுத்துப்போவதைப்போல அதுவும் ஒரு சாதாரண விஷயம். அதில் என்ன கேடு இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இருந்தும் அந்த நாட்களை நினைத்தால் நெஞ்சு இனிக்கிறது... ஏன் மறைக்கவேண்டும்? இருபத்து மூன்று வயது எனக்கு. பயமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. இரண்டையும் எப்படி ஒரே பையில் கொண்டுதிரிந்தோம் என்று இப்போது எனக்கே விளங்கவில்லை.

வலைத்தளங்கள் செய்யும் எங்கள் அலுவலகம் காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்தது. ஒடுங்கிய படிகளில் ஏறினால் ஒரு நீண்ட அறை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால், வீட்டுக் கூரைகளுக்கு அப்பால் கடலும், கடலோரத்தில் ஓடும் ரயிலும். உப்புக் காற்று கணினிப் பெட்டிகளைத் துருப்பிடிக்க வைக்கும் என்று முதலாளி ரமணன் அண்ணா ஜன்னலைச் சாத்துவார். அவர் கீழே இறங்கியதும் நாங்கள் திறப்போம். வெள்ளிக்கிழமைகளில் சைவக் கடையிலிருந்து வடை வாங்கி வருவார். என் பக்கத்து மேசையில் இருந்த டிலினி, சிங்களப் பிள்ளை, அந்த வடைக்காகவே வெள்ளிக்கிழமை லீவு எடுக்கமாட்டாள். எங்கள் தொழிலில் அவளைப்போல ஒரு கெட்டிக்காரியை நான் பிறகு கண்டதில்லை.

ஒருநாள் காலையில் படையினர் மேலே ஏறி வந்தார்கள். வழக்கமான தேடுதல்தான். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எல்லாம் பார்த்தார்கள். என் கணினித் திரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் விளம்பரம் தமிழில் திறந்து கிடந்தது. "மேக்கே மொனவாத லியல தியென்னே?" இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரி கேட்டார். ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். நாதஸ்வரத்துக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது? நான் தடுமாற, டிலினி எழும்பி வந்து வாயால் ஊதிக் காட்டினாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு ரமணன் அண்ணா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, இனி இந்த ஒபிஸிலை ஸ்கிரீனிலை தமிழ் வேண்டாம். ஆசையெண்டால் வீட்டிலை போய் எழுதும்."

"சரி அண்ணா" என்றேன். அந்தச் சொல்லை நான் காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் வேறெந்தச் சொல்லையும் அப்படிக் காப்பாற்றியதில்லை!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு பாதர் சிறிய உதவி நிலையம் ஒன்றை நடத்திவந்தார். பாதை பூட்டியதிலிருந்து தபால் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தொலைபேசியும் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. அதனால் பாதருக்கு ஒரு யோசனை வந்தது. கொழும்பில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் ஒரு வலைத்தளத்தில் தங்கள் செய்தியை எழுதவேண்டியது. யாழ்ப்பாணத்தில் அவருடைய ஆட்கள் அதை அச்சிட்டு, சைக்கிளில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பதிலும் அதே வழியில் வரும். அந்தத் தளத்தைச் செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது.

நான் செய்ததை உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். நீங்கள் ஒரு பக்கத்தில் எதையாவது எழுதி 'அனுப்பு' என்று அழுத்தினால், சர்வரில் அதற்கென்று எழுதிய ஒரு நிரல் துண்டு வேலை செய்யும். வியூ என்போம். அது உங்கள் செய்தியை வாங்கிச் சேமிக்கவேண்டும். சேமித்தபின் உங்களை 'நன்றி' என்று சொல்லும் வேறொரு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டும். அந்தத் திருப்பலுக்கு ரீடைரக்ட் என்று பெயர். சேமிக்க முடியாமல் போனால் திருப்பக்கூடாது. எழுதியது எழுதியபடி இருக்க, "மன்னிக்கவும், உங்கள் செய்தி சேரவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். இவ்வளவுதான். குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும் நேர்மை.

ஆனால் முதல்நாள் என்ன நடந்தது தெரியுமா? பாதர் சில பெரியவர்களைக் கூட்டி வைத்துத் தளத்தைத் திறந்து காட்டினார். வந்திருந்த ஒருவர் ஊரின் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு அழுத்திவிட்டார். நான் அதை எதிர்பார்த்து எழுதவில்லை. திரை முழுவதும் மஞ்சளாக, என் நிரலின் குடலையெல்லாம் வெளியே காட்டிக்கொண்டு, ஒரு பிழைப் பக்கம் வந்து நின்றது. பாதர் பாவம், "டெக்னிக்கல்... டெக்னிக்கல்..." என்று சமாளித்தார். ரமணன் அண்ணாவின் முகம் கறுத்துப்போனது.

"இனி ஒரு எரரும் ஆக்களின்ரை கண்ணிலை படக்கூடாது, ஜெசிந்தா. விளங்கிச்சோ? ஒண்டும்!"

படவில்லை. அன்று பின்னேரமே அதற்கு வழி செய்தேன். முழு வியூவையும் ஒரு உறைக்குள் போட்டேன். உள்ளே என்ன பிழை வந்தாலும் பிடித்து விழுங்கிவிடு. பிறகு, எது நடந்திருந்தாலும், நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடு! ஊரின் பெயர் இல்லையா? நன்றி. தரவுத்தளம் படுத்துவிட்டதா? நன்றி. செய்தியே சேரவில்லையா? நன்றி, நன்றி! விழுங்கிய பிழையை ஒரு மூலையிலாவது பதிந்து வைத்தேனா என்றால் அதுவும் இல்லை. நாலே வரியில் எல்லாவற்றையும் அமத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமைவேறு.

அந்த நன்றிப் பக்கம் மிக அழகாக இருந்தது. எந்தக் கணினியிலும் எழுத்து உடையாமல் தெரியவேண்டும் என்று, "உங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் உரியவரிடம் சேர்ப்போம்" என்பதை நீல நிறத்தில் ஒரு படமாகவே செய்து போட்டிருந்தேன். அந்தப் படத்தையும் வீட்டில் வைத்துத்தான் செய்தேன்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "ஹலோ அம்மா, ஐ ஆம் ஃபைன்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். சேர்ந்தது. பலமுறை எழுதினேன், பலமுறையும் சேர்ந்தது. தமிழர்கள் தமிழர்களுக்கு எழுதுவதற்காக ஒரு தமிழச்சி செய்த தளத்தில், ஒரேயொரு தமிழ் எழுத்தைக்கூட நான் தட்டிப் பார்க்கவில்லை! பையில் மடித்து வைத்ததை எடுக்கவேண்டும் என்று தோன்றவேயில்லை.

தமிழ் எழுத்து வந்தபோதெல்லாம் என் நிரல் இடறி விழுந்தது. விழுந்ததை நான் போட்ட உறை விழுங்கியது. எழுதியவருக்கு நன்றி கிடைத்தது.

யாரும் சந்தேகப்படவில்லையா? இல்லை... அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். அவை எல்லாம் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்தன. பதில்கள் வந்தன. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த மேரி அக்கா, தாயிடமிருந்து வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். பாதர் ஞாயிறு பூசையில் என் பெயரைச் சொன்னார். பூசை முடிந்து வாசலில் நின்று அம்மா, "எங்கட பிள்ளை செஞ்சதுதான்" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொன்னார். நான் வெட்கப்படுவதுபோல் பக்கத்தில் நின்றேன்.

இனி அண்ணி.

வசந்தி அண்ணி பருத்தித்துறைப் பெண். சைவக் குடும்பம். கொழும்புக்குப் படிக்க வந்த இடத்தில் என் அண்ணன் அன்ரனைக் கண்டு, எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்துவிட்டார். அவருடைய அப்பா சம்மதிக்கவில்லை. தாய் இல்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர். சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு வரவில்லை. அயல் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தால் வந்து பேசவும் மாட்டார். "அவளோடை எனக்கு ஒரு கதையும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அண்ணி வந்த பிறகுதான் எங்கள் வீடு வீடானது. நானும் அண்ணனும் நாயும் பூனையும். அம்மா எதற்கும் கத்துவார். அண்ணி மெதுவாகச் சிரித்தே எல்லோரையும் அடக்கிவிடுவார். பின்னேரங்களில் துறைமுகக் கப்பல்களின் ஊதல் கேட்கும்போது இருவரும் மொட்டை மாடியில் உடுப்பு எடுக்கப் போவோம். ஒடியல்கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று அவரும், நத்தார்ப் பண்டிகைக்குப் புரூடர் கேக் எந்தக் கடையில் நல்லது என்று நானும் கதைத்துக்கொண்டே நிற்போம். உடுப்பு மறுபடியும் பனியில் நனைந்துவிடும்! எனக்கு அக்கா இல்லை. அந்தக் குறையை அவர் தீர்த்துவைத்தார்.

அண்ணிக்குப் பிள்ளை தங்கியது. நாலு மாதம் போனதும் ஒருநாள் மாடியில் வைத்துக் கேட்டார்.

"ஜெசி, உம்மடை அந்த இதிலை... பருத்தித்துறைக்கும் கொண்டுபோய்க் குடுப்பினமோ?"

"குடுப்பாங்க அண்ணி. ஏன் குடுக்காம? இங்கிலீஷ் எழுத்திலேயே அடிக்கலாம், லேசு."

"ஐயோ, அது சரிவராது. அப்பாவுக்கு இங்கிலீசு எழுத்திலை தமிழ் எழுதினால் கிழிச்சு எறிஞ்சுபோடுவார். நான் தமிழிலையே எழுதிறன். கதைச்சால்தான் அவருக்குக் கோபம் வரும் ஜெசி. தனிய இருந்து வாசிச்சால் வராது."

வீட்டுக் கணினியில் தமிழில் தட்டக் கற்றுக்கொண்டார். ஒரு எழுத்தைத் தேடிப்பிடித்துத் தட்டி, அடுத்ததைத் தேடுவார். என்னைப் பக்கத்தில் விடவில்லை. "அப்பாவுக்கும் மகளுக்கும் இடையிலை உமக்கு என்ன அலுவல்?" என்று விரட்டினார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நெடுநேரம் இருந்து எழுதி முடித்து, அழுத்திவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

திரையில் நீல நிறத்தில் என் படம். உங்கள் செய்தி கிடைத்தது!

அண்ணி அதை வாய்விட்டு வாசித்தார். பிறகு என் கன்னத்தில் தட்டி, "நல்லாய் இருப்பாய்" என்றார். அந்த ஆசீர்வாதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை...

பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். வரவில்லை. பிள்ளை பிறந்ததும் ஒருமுறை எழுதினார். பெண் குழந்தை, உங்கடை மூக்கு என்று எழுதியதாக என்னிடம் சொன்னார். அதற்கும் வரவில்லை.

"பாதர்கிட்ட ஒருக்காக் கேட்டுப் பார்ப்பமா?" என்று அண்ணன் கேட்டான்.

"என்னெண்டு கேக்கிறது? என்ரை அப்பா எனக்குப் பதில் போடேல்லை எண்டு ஊருக்குச் சொல்லுறதோ?" என்றார் அண்ணி. அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது. மேரி அக்கா பதிலைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அண்ணி பிள்ளையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்.

நானும் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த மனிசன் கல்நெஞ்சன் என்று நினைத்தேன். மாடியில் நின்று அவரைத் திட்டவும் திட்டினேன். என் குற்றத்துக்கு ஒரு தகப்பனைத் திட்டினேன்!

உண்மை எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், டிலினியால் தெரிந்தது. வேறொருவர் தங்கள் ஊருக்கு இதேபோல் ஒரு தளம் சிங்களத்தில் கேட்டார். என் நிரலை அப்படியே எடுத்துக்கொடுத்தேன். டிலினி அதை வாங்கியதும் செய்த முதல் வேலை, சிங்களத்தில் தன் அம்மாவுக்கு இரண்டு வரி எழுதிப் பார்த்ததுதான். அவளுக்கு யாரும் உன் மொழியைத் திரையில் எழுதாதே என்று சொன்னதில்லையே. நன்றிப் பக்கம் வந்தது. தரவுத்தளத்தைத் திறந்தாள். ஒன்றும் இல்லை.

"ஜெசி, மேக்க வெட கரன்னே நே நே!" என்றாள். இது வேலை செய்யவில்லையே என்று. பிறகு கொஞ்சம் யோசித்து, சத்தத்தைத் தாழ்த்தி, தமிழிலும் இப்படித்தானா என்று கேட்டாள்.

உறையைக் கழற்றி, அந்த அலுவலகத்தில் முதன்முறையாகத் தமிழில் ஒரு சொல் தட்டினேன். அப்பா என்று தட்டினேன். திரை முழுவதும் மஞ்சள்.

திருத்துவதற்கு வெகுநேரம் ஆகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் தமிழ் சேர்ந்தது, சிங்களம் சேர்ந்தது. பிழை வந்தால் பிழை என்று சொல்லும் பக்கத்தையும் செய்தேன். பழைய செய்திகளைத் தேடினேன்... எங்கே தேடுவது? விழுங்கியது விழுங்கியதுதான். ஒரு சொல், ஒரு பெயர், ஒரு திகதிகூட மிஞ்சவில்லை.

பாதரிடம் சொல்லவேண்டும்தானே என்று டிலினி கேட்டாள். "மம கியன்னங்" என்றேன், நான் சொல்கிறேன் என்று. முன்பக்கத்தில் போடுவதற்கு ஒரு அறிவித்தலும் எழுதினேன்: தமிழில் எழுதியவர்கள் தயவுசெய்து மீண்டும் எழுதவும், முன்னையவை சேரவில்லை. அதைத் தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதர் பூசையில் என் பெயரைச் சொன்னது நினைவுக்கு வந்தது. வாசலில் நின்ற அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. ரமணன் அண்ணா என்ன சொல்வார்? ஒழுங்கையில் எப்படி நடப்பேன்?

அழித்துவிட்டேன். பாதரிடமும் சொல்லவில்லை.

எழுதுபவர்கள் எப்படியும் திரும்ப எழுதுவார்கள், அப்போது போய்ச்சேரும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அண்ணியும் எழுதுவார். எழுத வைப்பேன்!

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியிடம் போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அப்பாவுக்கு இன்னொருக்கா எழுதுங்களேன்."

"வேண்டாம் ஜெசி."

"ஒரேயொருக்கா. எனக்காக. இந்த முறை கட்டாயம் பதில் வரும் அண்ணி."

"உமக்கென்ன சாத்திரமே தெரியும்?" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மூண்டு தரம் எழுதியாச்சு. காலிலை விழாத குறையாய் எழுதினனான். அந்தாள் வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருக்குது. அப்ப என்னை வேண்டாமெண்டுதானே அர்த்தம்? வேண்டாமெண்டிறவையிட்டைத் திரும்பத் திரும்பப் போய் நிக்க என்னாலை ஏலாது."

வாசிக்கவில்லை அண்ணி! அவர் வாசிக்கவேயில்லை! அவருக்கு ஒன்றும் போகவில்லை! இதைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? என்மேல் கோபப்பட்டிருப்பார். சில நாள் பேசாமல் இருந்திருப்பார். அண்ணன் ஏசியிருப்பான். அம்மா அழுதிருப்பார். ஆனால் அண்ணி அன்றைக்கே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கியிருப்பார். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் பிள்ளையின் காலைப் பிடித்து விளையாட்டுக் காட்டினேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு சொல்லலாம். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுச் சொல்லலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும், கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று வழக்கமானவற்றைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

அந்த மனிதர் எனக்காகக் காத்திருக்கவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன்பே, கடையில் சைக்கிளுக்கு டியூப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நெஞ்சுவலி. அண்ணியால் போகமுடியவில்லை. பாதை இல்லை, கப்பலுக்கு அனுமதி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கைப்பிள்ளை வேறு. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடி, பருத்தித்துறையில் தன் அப்பாவை எடுத்துக்கொண்டு போகும் நேரத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு அழுதார்.

இதோடு முடிந்தது என்றால் நானும் இத்தனை வருடம் இப்படிக் கிடந்து வேகமாட்டேன்.

சில நாள் கழித்து அண்ணியின் பெரியம்மா ஊரிலிருந்து அழைத்தார். அண்ணி நித்திரை. நான் எடுத்தேன். யார், எவர் என்று கேட்டுவிட்டு அவர் பொரியத் தொடங்கினார்.

"வசந்தி செய்தது சரியில்லை, பிள்ளை. ஒரு வரி போட்டிருக்கலாம். அந்தச் சுவாமிமாரின்ரை ஆக்கள் சைக்கிளிலை வாற நாளெல்லாம் மனிசன் கடையை விட்டு றோட்டுக்கு வந்து நிப்பார். எனக்கு ஒண்டும் இல்லையோ, எனக்கு ஒண்டும் இல்லையோ எண்டு கேப்பார். இல்லை ஐயா எண்டு அவங்கள் போனாப் பிறகும் அதிலையே நிப்பார். கொழும்புக்குப் போனவளுக்கு அப்பன் தேவையில்லாமல் போச்சு..."

அண்ணியிடம் சொல்லவா என்று அவர் கேட்டார். வேண்டாம் பெரியம்மா, நான் சொல்கிறேன் என்றேன். அவர் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. அடுத்த வருடம் அவரும் நோய்ப்பட்டுக் கண்ணை மூடிவிட்டார்.

அண்ணி எழும்பி வந்து யார் அழைத்தது என்று கேட்டார். பெரியம்மா, சுகம் விசாரித்தார், அப்பா கஷ்டப்படாமல் போனாராம் என்றேன்.

அந்தத் தகப்பன் வீதியில் வந்து நின்றது இந்த உலகத்தில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். மகளுக்குச் சொந்தமான ஒன்றை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்! நிரலில் பிழை விடாதவர் யார்? அதற்காக நான் உங்கள் முன் வந்து நிற்கவில்லை. வாய் இருந்தும் திறக்காமல் இருந்தேனே... ஏன்? என்னை எல்லோரும் கெட்டிக்காரி என்று சொன்ன அந்தக் கொஞ்ச நாளை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

யுத்தம் முடிவதற்கு முன்பே அண்ணனும் அண்ணியும் பிள்ளையோடு கனடா போனார்கள். டிலினி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அலுவலகம் இருந்த கட்டடத்தை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். சில மாலைகளில் வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதையோரம் நடக்கும்போது, அந்த ஜன்னல் எங்கே இருந்திருக்கும் என்று அண்ணாந்து பார்க்கிறேன். வடையும், உப்புக் காற்றும், நாங்கள் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்து கண் கலங்குகிறது. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். திரும்பினால் இதையும் சேர்த்துத்தானே திரும்பும்?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி அழைத்தார். மாதம் ஒருமுறையாவது அழைப்பார். குரல் சோர்ந்திருந்தது.

தாத்தாவின் மூக்கோடு பிறந்த பிள்ளை, மெலனி, வீட்டை விட்டுப் போய்விட்டாளாம். யாரோ ஒரு பையனோடு வேறு நகரத்தில் இருக்கிறாள். இரண்டு மாதமாகிறது. தாய்க்கு நாளாந்தம் செய்தி அனுப்புகிறாளாம். அண்ணி பதில் போடுவதில்லை. அண்ணன் கெஞ்சியும் கேட்கவில்லை.

"வாசிக்கிறனான் ஜெசி, எல்லாத்தையும் வாசிக்கிறனான். பதில் போடமாட்டன். எங்கடை அப்பாவைப் பாரும், நான் எவ்வளவு எழுதினனான்? சாகுமட்டும் அந்தாள் வளைஞ்சதோ? அப்ப எனக்குக் கோபம்தான். இப்பதான் விளங்குது. பெத்த மனம் அவ்வளவு நொந்திருக்கு. நானும் அவரின்ரை பிள்ளைதானே. நான் செய்யிறது சரிதானே, ஜெசி?"

இவ்வளவு காலத்தில் முதன்முறையாக அவரே கேட்டார். சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது. வீட்டில் யாரும் இல்லை. தொடர்பு மிகத் தெளிவாக இருந்தது, அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"அண்ணி..." என்றேன்.

"ஓம், சொல்லும்."

"அங்க இப்ப நல்ல குளிரா?"

குளிர்தான், இந்த வருடம் பனி முந்திக்கொண்டு வந்துவிட்டது என்றார் அண்ணி.